கிழக்கில் சர்வதேச கிரிக்கெட்: மைதானத்தின் கொள்ளளவைப் பாலமும் பஸ்ஸும் தீர்மானிக்கட்டும்

இலங்கை கிரிக்கெட் நிறுவனத்தினருக்கும், விளையாட்டுத்துறை அமைச்சுக்கும், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் செயலகங்களுக்கும், மட்டக்களப்பு மாநகர சபைக்கும்,

வணக்கம்.

யாழ்ப்பாணம் மண்டைதீவில் 2025 செப்டெம்பரில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நடப்பட்டதிலிருந்து, கிழக்குக்கு எப்போது என்ற கேள்வி இங்கே ஓயவில்லை. நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு வரும் பதில்களெல்லாம் எத்தனை ஏக்கர், எத்தனை ஆசனம், எத்தனை விளக்குக் கம்பம் என்பதோடு நின்றுவிடுகின்றன. பொத்துவிலில் காலைச் சாப்பாட்டோடு வெளிக்கிடும் ஒருவர் ஆட்டம் பார்த்துவிட்டு எத்தனை மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டுவார் என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இந்த மடல் அந்தக் கணக்கைப் பற்றியது. இதை எழுதும் நாங்கள் இரு மாவட்டங்களிலும் போட்டி நடத்துதல், பந்தல் மேடை அமைத்தல், நீர் விநியோகம், முதலுதவி ஆகிய வேலைகளில் இருப்பவர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் கிரிக்கெட் பார்வையாளர்கள்.

எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் மைதானம் இங்கே வேண்டாம். சூரியவெவவில் 2011 உலகக் கிண்ணத்துக்காக 35,000 பேருக்கு அரங்கம் கட்டினோம். அதன் பிறகு அங்கே சர்வதேச ஆட்டங்கள் இடைக்கிடையே மட்டுமே நடந்திருக்கின்றன. மறுபக்கம் காலியைப் பாருங்கள். ரயில் நிலையமும் பஸ் நிலையமும் மைதானத்துக்கு எதிரிலேயே இருக்கின்றன. ரயிலை விட்டிறங்கியவர் சில நிமிடங்களில் நடந்தே உள்ளே போகலாம். சிறிய நகரத்துக்குப் பொருந்தும் முன்மாதிரி காலிதான்.

காலத்தைப் பொறுத்தவரை கிழக்குக்கு ஒரு வலுவான நியாயம் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொழும்பையும் காலியையும் நனைக்கும்போது இங்கே வானம் வெளித்திருக்கும். உலர் வலயத்தில் ஒரு மைதானம் வேண்டும் என்ற அதே தேவைதான் தம்புள்ளையில் மைதானம் வந்ததற்கும் காரணம். ஆனால் வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் எங்களுக்கு ஆட்டம் தரவேண்டாம். ஒக்டோபரும் நம்பத்தக்கதல்ல. 2025 ஒக்டோபரில் மகளிர் உலகக் கிண்ணத்தின் பல ஆட்டங்கள் கொழும்பில் மழையோடு போனதை எல்லோரும் பார்த்தோம். இங்கேயும் அந்த மாதம் பிற்பகல் இடிமழை வரும். பெப்ரவரி நடுப்பகுதி முதல் மார்ச் முடிவு வரை வெயில் தாங்கக்கூடியது. ஜூன், ஜூலையில் மழை குறைவு, ஆனால் கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கும். அந்தச் சூட்டில் நிழலும் தண்ணீரும் இல்லாமல் ஏழரை மணித்தியாலம் ஆளை உட்காரவைப்பது ஆபத்து.

திகதி குறிக்கும்போது உள்ளூர் நாட்காட்டியையும் பாருங்கள். ஆடி அமாவாசையன்று மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தத்துக்கு வரும் சனத்துக்கே நகரத்தின் பொலிசாரும் பஸ்களும் போதாது. கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் கரையோர வீதி நடப்பவர்களால் நிறைந்திருக்கும். சிறுபோக அறுவடை உச்சத்தில், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

இனி வெயில். கிரிக்கெட் ஆடுகளம் ஏறத்தாழ வடக்குத் தெற்காகவே போடப்படும். மாலை வெயில் துடுப்பாட்ட வீரரின் கண்ணில் விழக்கூடாது என்பதற்காக. அதனால் கிழக்குப் பக்கம் உட்காருபவருக்கு இரண்டரை மணி தொடக்கம் சூரியன் மறையும் வரை முகத்துக்கு நேரே வெயில். மேற்குப் பக்கத்தவருக்கு அது முதுகுக்குப் பின்னால். ஜூன், ஜூலையில் சூரியன் வடமேற்குப் பக்கமாகச் சரிவதால் தெற்கு மூலையில் இருப்பவரும் தப்பமாட்டார். பல இடங்களில் மேற்குப் பக்கத்தில் கூரை போட்ட விலைகூடிய ஆசனங்களும் கிழக்கில் வெட்டவெளிப் புல்மேடும் வைக்கிறார்கள். இங்கே அதை மாற்றுங்கள். குறைந்த விலை டிக்கெட்டுக்கான புல்மேடு மேற்கில் இருக்கட்டும். அதன் முதுகுப் பக்கம் வேம்பும் வாகையும் வரிசையாக இப்போதே நட்டால் மூன்று நான்கு ஆண்டுகளில் நிழல் கிடைக்கும். கூரை போடக் காசு உள்ள பகுதியைக் கிழக்கில் வையுங்கள். முக்கிய ஒளிபரப்புக் கமராக்கள் பந்துவீசும் இரு முனைகளிலும் இருப்பதால் இந்த மாற்றம் தொலைக்காட்சிக்கு இடைஞ்சல் தராது.

புல்மேட்டுக்குச் சரிவு முக்கியம். நான்கடி பின்னுக்குப் போனால் ஓரடி உயரவேண்டும். அதைவிடத் தட்டையாக இருந்தால் முன்னால் இருப்பவரின் தலைதான் தெரியும். மூன்றடிக்கு ஓரடி என்று செங்குத்தாக்கினால் ஒரு மழைத் தூறலுக்கே சறுக்கும், புல் வெட்டும் இயந்திரமும் ஏறாது. இங்குள்ள மணலை மட்டும் குவித்து மேடு கட்டினால் முதல் மாரியிலேயே கரைந்துவிடும். உள்ளே கிரவலும் களியும் இறுக்கி, மேலே அரையடி மேல்மண் போட்டுப் புல் பதித்து, ஒரு மாரி தாண்டிய பிறகே ஆட்களை ஏற்றவேண்டும்.

தற்காலிகக் கலரி போடுவதாக இருந்தால் அதில்தான் எங்களுக்கு அதிக பயம். இரும்புக் குழாய்ச் சாரத்தின் அடித்தட்டு எங்கள் மணலில் புதையும். காலையில் நீர்மட்டம் பார்த்துச் சரியாக நின்ற கலரி, ஆட்கள் நிரம்பிய பிறகு ஒரு மூலையில் இரண்டங்குலம் இறங்கியிருக்கும். ஒவ்வொரு வரிசைக் காலுக்கும் அடியில் குறைந்தது ஒன்பதங்குல அகலமுள்ள தடித்த பலகையை, ஒரே பலகை இரண்டு மூன்று கால்களைத் தாங்கும்படி நீளவாக்கில் போடவேண்டும். செங்கல் துண்டு வைப்பதை அனுமதிக்கக்கூடாது. அடுத்தது, பார்வையாளர் நடுவே ஊதுகுழலும் முரசும் முழக்கும் பப்பரே வாத்தியம். அது இல்லாத இலங்கை ஆட்டம் ஆட்டமே இல்லை. அதை யாரும் தடை செய்யவேண்டாம். ஆனால் தாளத்துக்கு நூறு பேர் ஒன்றாகக் குதிக்கும்போது சாரக் கலரி பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். ஆடுவதற்கு ஏற்ற தாளம் அகப்பட்டுவிட்டால் ஆட்டம் கூடிக்கொண்டே போகும், பிணைப்புகள் கழலும். வாத்தியக் குழுவுக்குப் புல்மேட்டின் நடுவில் இடம் ஒதுக்குங்கள். சாரக் கலரியின் பின்பக்கத்திலும் இரு பக்கங்களிலும் குறுக்குக் கம்பிகள் முழுதாகப் பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று பொறியியலாளர் கையெழுத்திட்ட பிறகே டிக்கெட் விற்கவேண்டும். இடைவேளையில் ஒருவர் கீழே குனிந்து பிணைப்புகளைக் கையால் இறுக்கிப் பார்க்கவும் வேண்டும்.

நிழலுக்குத் தகரம் போட்டால் இரண்டு மணிக்கு மேல் அதன் கீழே அடுப்படிதான். கிடுகு குளிர்ச்சி, ஆனால் ஒரு சிகரெட் நெருப்புப் போதும். நிழல்வலைதான் பொருத்தம். கச்சான் காற்றில் அது பாய்போல் உப்பும் என்பதால் நான்கு மூலையில் மட்டும் கட்டாமல் ஓரம் முழுவதும் ஒன்றரை அடிக்கு ஒரு கட்டுப் போடவேண்டும். தூண்கள் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கட்டும். நடுவில் நின்றால் ஒவ்வொரு தூணும் பத்துப் பதினைந்து பேரின் பார்வையைக் கெடுக்கும்.

தண்ணீர். பகலிரவு ஒருநாள் ஆட்டம் இரண்டரைக்குத் தொடங்கி இரவு பத்து மணிக்கு முடியும். ஒருவருக்கு இரண்டு லீற்றர் என்றால் பத்தாயிரம் பேருக்கு 20,000 லீற்றர், குடிப்பதற்கு மட்டும். ஐயாயிரம் லீற்றர் பவுசர் நான்கு. உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வருகிறது என்று அதை மட்டும் நம்பியிருக்காமல், மைதானத்திலேயே தாங்கிகள் வைத்து முதல்நாள் இரவே நிரப்பிக் குளோரின் அளவைப் பார்த்து வைக்கவேண்டும். வாசலில் போத்தலைப் பறிக்கும் வழக்கம் எங்களுக்குப் புரிகிறது, எறிவார்கள் என்ற பயம். மூடியை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டு வெற்றுப் பிளாஸ்டிக் போத்தலை உள்ளே விடுங்கள். மூடியில்லாத போத்தலில் தண்ணீர் நிற்காது, வெறும் போத்தல் தூரம் போகாது. உள்ளே நாற்பது குழாயாவது வேண்டும். ஒரு குழாயில் நிமிடத்துக்கு நான்கு பேர் என்று வைத்தால், நாற்பது குழாயும் அரை மணித்தியால இடைவேளையில் 4,800 பேருக்குப் போதும். அந்தக் குழாய்களை ஒரே இடத்தில் குவித்தால் கணக்குப் பொய்த்துவிடும். நான்கு பக்கமும் பிரியுங்கள்.

அந்த இடைவேளை ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில் வருகிறது. இங்கே சூரியன் மறைவதும் ஏறத்தாழ அப்போதுதான். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எங்கள் பார்வையாளரில் பெரும்பகுதி முஸ்லிம் மக்கள். மஃரிப் தொழுகைக்கு விரிப்புப் போடக்கூடிய ஒரு சமதளமும், அதற்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யத் தாழ்வான தனிக் குழாய் வரிசையும் வேண்டும். குடிநீர்க் குழாயிலேயே இரண்டையும் செய்யவிட்டால் இரு வரிசையும் அடைபடும். செலவு மிகக் குறைவு. வரைபடத்தில் முதலிலேயே போட்டால்தான் வரும்.

மலசலகூடத்தைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை, நாங்கள் பேசுகிறோம். பத்தாயிரம் பேர், ஒருவர் சராசரி ஒன்றரைத் தடவை, ஒரு தடவைக்கு மூன்று லீற்றர் வாளித் தண்ணீர் என்றால் 45,000 லீற்றர் கழிவுநீர். ஐயாயிரம் லீற்றர் கழிவகற்றும் பவுசர் ஒன்பது தடவை ஓடவேண்டும். வாவியை அண்டிய நிலத்தில் கிணறு ஓரிரு ஆள் ஆழத்திலேயே ஊறும். அங்கே குழி வெட்டினால் அழுக்கு நேரே வாவிக்கும் அயல் கிணறுகளுக்கும் போகும். எனவே மூடிய தாங்கி, ஆட்டத்தின் நடுவிலும் வெறுமையாக்கக்கூடிய பின்வழி, அந்த வழியில் வாகனம் நிறுத்தத் தடை. கழிவைக் கொண்டுபோய்க் கொட்டும் இடம் ஆட்டத்துக்கு முன்பே எழுத்தில் உறுதியாக இருக்கவேண்டும். ஒன்பது லோட்டை இரவு பதினொரு மணிக்கு எங்கே கொட்டுவது என்று தேடினால் அது கால்வாயில்தான் முடியும்.

பெண்களின் மலசலகூடங்கள் ஆண்களுடையதைவிட எண்ணிக்கையில் கூடவேண்டும்; பல இடங்களில் பாதிகூட இல்லை. உள்ளே கொளுக்கி, பையை மாட்ட ஓர் ஆணி, மூடியுள்ள குப்பைக் கூடை, இருட்டிய பிறகு பாதை முழுவதும் வெளிச்சம். இவை இல்லாத காரணத்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அல்லது வருவதே இல்லை. 2024 ஜூலையில் தம்புள்ளையில் சமரி அத்தபத்துவின் அணி இந்தியாவை வென்று மகளிர் ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியது. அந்த அணியை நேரே பார்க்க இங்குள்ள பாடசாலைப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. கிழக்கின் முதல் சர்வதேச ஆட்டம் மகளிர் டி20 ஆக இருக்கட்டும், இரண்டு மணிக்குத் தொடங்கட்டும். ஐந்தரைக்குள் முடிந்துவிடும்; மின்விளக்குக் கம்பமும் தேவைப்படாது, பிள்ளைகள் இரவுக்கு முன் வீடு சேருவார்கள்.

போரில் கால் இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் பன்னிரண்டடிக்கு ஓரடிக்கு மேல் உயரக்கூடாது. அவர்களுக்கான மேடை, முன்வரிசையார் எழுந்து நின்றாலும் பார்வை மறையாத உயரத்தில் இருக்கவேண்டும். மைதானத்தின் மட்டத்தில் வேலியோரம் ஓர் இடத்தைக் காட்டிவிட்டுப் போவது போதாது. நான்கு ஓட்டத்துக்கு எல்லோரும் எழும்பும்போது அவருக்கு முதுகுகள்தான் தெரியும்.

வாசல்களுக்கு வருவோம். 2025 ஜூன் 4 அன்று பெங்களூர் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அன்று ஆட்டம்கூட இல்லை, வெற்றிக் கொண்டாட்டம். பிரித்தானியாவின் விளையாட்டரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி ஒரு சுழல்வாசலால் மணித்தியாலத்துக்கு ஆகக்கூடியது 660 பேர் உள்ளே வரலாம் என்று கணக்கெடுக்கிறது. பையைத் திறந்து பார்த்தால் ஒருவருக்குப் பத்துச் செக்கனாவது ஆகும்; அப்போது 360 பேர்தான். பத்தாயிரத்தில் பாதிப் பேர் கடைசி ஒரு மணித்தியாலத்தில் வந்தால் பதினான்கு வரிசை தேவை. அதில் நான்கு வரிசை, பெண் பொலிசாருடன், பெண்களுக்கு. வெளியேறுவதற்கு அதே வழிகாட்டி சமதரையில் ஒரு மீற்றர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர் என்கிறது. எட்டு நிமிடத்தில் பத்தாயிரம் பேர் வெளியேற ஏறத்தாழ 15 மீற்றர் திறந்த அகலம் வேண்டும். படிக்கட்டாக இருந்தால் 19. நான்கு மீற்றர் வாசல் ஐந்து வையுங்கள், ஒன்று அடைபட்டாலும் நான்கு போதும். அந்த வாசல்கள் வெளிப்பக்கம் திறக்கவேண்டும், ஆட்டம் நடக்கும்போது பூட்டுப் போடக்கூடாது, முன்னால் கடையோ மோட்டார் சைக்கிளோ நிற்கக்கூடாது. வரிசைகள் வீதியில் தொடங்காமல் வளவுக்குள்ளேயே தொடங்கவேண்டும்.

வாசலைத் தாண்டினால் பாலங்கள். மட்டக்களப்பு நகரத்தின் மையமான புளியந்தீவைச் சுற்றி வாவி. கல்லடிப் பாலம், கோட்டமுனைப் பாலம், புதுப்பாலம் என்று சிலவற்றால்தான் நகரத்துக்குள் நுழையலாம், வெளியேறலாம். அரங்கத்திலிருந்து எட்டு நிமிடத்தில் வெளியே வந்த சனம் பாலத்தடியில் கட்டிப்போட்டதுபோல் நின்றால் என்ன பயன்? பாலத்தில் ஒன்றரை மீற்றர் நடைபாதை என்று எடுத்துக்கொண்டால் மூன்றாயிரம் பேர் கடக்கவே இருபத்தைந்து நிமிடமாகும். பொறுமையிழந்தவர் வாகனப் பாதையில் இறங்குவார். ஆட்டம் முடிந்து ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பாலத்தையாவது நடப்பவர்களுக்கும் அம்புலன்ஸுக்கும் மட்டும் ஒதுக்கவேண்டும். அணிகளின் வாகனத் தொடருக்காகப் பாலத்தை மூடுவதை எங்களால் ஏற்கமுடியாது. அணிகளைப் பாசிக்குடாவில் தங்கவைத்து, மைதானத்தையும் நகரத்தின் வடக்குப் பக்கத்தில் தேர்ந்தால் அவர்கள் கல்லடிப் பாலத்தைத் தொடவே வேண்டியதில்லை.

மட்டக்களப்புக்குத் தெற்கே ரயில் பாதை இல்லை. கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையான முழுக் கரையோரமும் பஸ்ஸைத்தான் நம்பியிருக்கிறது. பத்தாயிரத்தில் மூன்றிலொருவர் அங்கிருந்து வந்தால் 3,300 பேர். பஸ்ஸுக்கு ஐம்பது என்றால் 66 பஸ். ஆட்டம் இரவு பத்துக்கு முடிந்து, பத்தே முக்காலுக்குப் பஸ் வெளிக்கிட்டால் பொத்துவில்காரர் வீடு சேர நள்ளிரவு தாண்டி ஒரு மணி. இதற்கு இலங்கைப் போக்குவரத்துச் சபையும் தனியார் பஸ் சங்கங்களும் ஒரே மேசையில் உட்காரவேண்டும். டிக்கெட்டோடு பஸ் கட்டணத்தையும் சேர்த்து வாங்கினால் எத்தனை பஸ் தேவை என்பது ஒரு வாரம் முன்பே தெரிந்துவிடும். பஸ்களை ஊர் வாரியாக வெவ்வேறு இடத்தில் நிறுத்துங்கள்: கல்முனை வரை ஓரிடம், அக்கரைப்பற்று, பொத்துவில் ஓரிடம், ஏறாவூர், வாழைச்சேனை ஓரிடம், அம்பாறை நகரம் ஓரிடம். ஒரே தரிப்பிடத்தில் எல்லாப் பஸ்ஸும் நின்றால் முதலில் நிரம்பிய பஸ் கடைசியில் நிற்கும் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும்.

படுவான்கரையை மறந்துவிடுகிறீர்கள். மண்முனைப் பாலமும் வலையிறவுப் பாலமும் இருக்கின்றன. இரவில் பஸ் இல்லை. கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் உள்ள கிராமங்களுக்குப் பதினொரு மணிக்கு மோட்டார் சைக்கிளில் போவது யானையைச் சந்திக்கும் பயணம். அந்தப் பக்கத்துக்கு ஐந்து பஸ்ஸாவது, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து போகும்படி விடவேண்டும். அது முடியாத வரை பகலிரவு ஆட்டம் வேண்டாம், பகலாட்டமே போதும்.

டிக்கெட்டை இணையத்தில் மட்டும் விற்றால் கொழும்பிலிருந்து வாங்கி இங்கே கூடிய விலைக்கு விற்பார்கள். பாதியை மட்டக்களப்பு, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை ஆகிய இடங்களில் கவுண்டர் வைத்து, அடையாள அட்டைக்கு நான்கு என்று கொடுங்கள். பின்புறத்தில் மழை விதியைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுங்கள். ஒருநாள் ஆட்டத்தில் இரண்டாவது அணி 20 ஓவர், டி20யில் 5 ஓவர் ஆடாவிட்டால் முடிவில்லை என்பது பலருக்குத் தெரியும். காசு எப்போது திரும்பும், எங்கே போய் வாங்குவது என்பதுதான் தெரியாது. மைதான ஒலிபெருக்கியில் அவசர அறிவித்தல்களை இரு மொழியிலும் முன்பே பதிந்து வையுங்கள். நெரிசல் நேரத்தில் மொழிபெயர்ப்பாளரைத் தேட நேரமிராது.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு கவுண்டர் அரை மணித்தியாலத்தில் அறுபது பேரைத்தான் கவனிக்கும். ஆகவே கடைகளோடு, வரிசைக்கு வரிசை நடந்து விற்பவர்களும் வேண்டும். பெரிய கம்பனிக்கு மொத்தமாகக் குத்தகை கொடுக்காமல் இறால் வடை, சுண்டல், வறுத்த கச்சான், இளநீர், மாங்காய்த் துண்டு விற்கும் உள்ளூர்க்காரருக்கும் மகளிர் சங்கங்களுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அனுமதியோடு இடம் கொடுங்கள். விலைப்பட்டியல் வாசலுக்கு வெளியே தொங்கவேண்டும்.

இவ்வளவையும் முதல் நாளே சரியாகச் செய்ய முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் ஒத்திகை கேட்கிறோம். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கிய வெபர் மைதானம் இருக்கிறது. மாவட்ட இறுதி ஆட்டம் ஒன்றை அங்கே மூவாயிரம் பேரோடு, இங்கே சொன்ன வாசல், தண்ணீர், பஸ் ஏற்பாடுகளோடு நடத்துங்கள். எந்த வாசலில் எத்தனை பேர் எத்தனை நிமிடம் நின்றார்கள், எந்தப் பவுசர் எப்போது காலியானது, கடைசிப் பஸ் எப்போது கிளம்பியது என்று எழுதி எல்லோருக்கும் வெளியிடுங்கள். அதை எண்ணிக் குறிக்கும் வேலைக்குச் சம்பளமில்லாமல் வர எங்களில் பலர் ஆயத்தம்.

அதற்கு முன் ஒன்று. அணிக்கு முகாமையாளர், ஆடுகளத்துக்குப் பராமரிப்பாளர், ஒளிபரப்புக்குப் பொறுப்பாளர் இருக்கிறார்கள். பார்வையாளருக்கு ஒருவரும் இல்லை. தமிழும் சிங்களமும் பேசக்கூடிய, வாசலைத் திறக்கவும் பஸ்ஸை நிறுத்திவைக்கவும் அதிகாரமுள்ள ஒருவரை இந்தப் பொறுப்புக்கு நியமித்து, அவரது அலுவலகத் தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு டிக்கெட்டிலும் அச்சிடுங்கள். மைதானத்துக்குக் காணி பார்க்கும் குழுவிலேயே அவர் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கிரிக்கெட் பார்வையாளர்கள் சிலர்